தலையில் அடிபட்டு, ஸ்கேன் நார்மல் என்று வந்த பிள்ளையை அடுத்த போட்டிக்கு அனுப்பலாமா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: மகனுக்கு 10 வயது. கால்பந்து ஆடும்போது இன்னொரு பையனின் தலையோடு மோதிக் கீழே விழுந்தான். மயக்கம் போடவில்லை. வாந்தி எடுத்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சிடி ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல். மூன்று நாள் ஆகிறது. காலையில் நன்றாக இருக்கிறான், சாயந்திரம் ஆனால் தலை வலிக்கிறது என்கிறான், சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகிறான். ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஹெட்கார்டு (தலையைச் சுற்றிப் போடும் மெத்தென்ற பட்டை) வாங்கிப் போட்டு அனுப்பலாமா?

அனுப்ப வேண்டாம். ஹெட்கார்டு போட்டாலும் வேண்டாம். இந்த ஞாயிறு மட்டுமல்ல, அடுத்த ஞாயிறும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பல வருடங்களாகச் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அதற்காகத் தலைக்காயம் பற்றிய முதலுதவிப் பயிற்சி எடுத்தேன். என் மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்தபோது, நீங்கள் இப்போது இருக்கும் இதே குழப்பத்தில் நானும் இருந்திருக்கிறேன். அதனால் கீழே இருப்பதை உங்கள் குழந்தை மருத்துவரிடம் பேசுவதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதுதான் சரி.

முதலில் அந்த ஸ்கேன். சிடி ஸ்கேனில் முக்கியமாகப் பார்ப்பது மண்டை ஓட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்பதைத்தான். அவை இல்லை என்றால் பெரிய ஆறுதல், சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு ஆகியிருப்பது கன்கஷன் போலத் தெரிகிறது, அதாவது மூளை அதிர்வு. அது சிடியில் தெரியாது. கணுக்கால் சுளுக்கிக்கொண்டால் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகத்தான் இருக்கும், அதற்காக யாரும் மறுநாளே ஓடச் சொல்வதில்லை அல்லவா, அந்த மாதிரி.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், மோதலில் தலை சட்டென்று நிற்கும்போதோ திரும்பும்போதோ மூளை அதே வேகத்தில் நிற்பதில்லை. நரம்பு இழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே போகிறது, கால்சியம் உள்ளே வருகிறது. இதைச் சரிசெய்ய அந்தச் செல்களுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளுக்கோஸ் தேவை. ஆனால் சரியாக அதே நாட்களில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். தேவை கூடுகிறது, வரத்து குறைகிறது. காலையில் தெளிவாக இருக்கும் பிள்ளை, நாள் முழுக்கப் பாடம், சத்தம், வெளிச்சம் எல்லாவற்றையும் சமாளித்துவிட்டுச் சாயந்திரம் சோர்ந்து விழுவது இப்படித்தான். அழுகையும் எரிச்சலும்கூட இதன் அறிகுறிகளே. அடம் பிடிக்கிறான் என்று திட்டிவிடாதீர்கள்.

மயக்கம் போடவில்லையே என்று கேட்பீர்கள். கன்கஷன் ஆனவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை. மைதானத்தில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. "எழுந்து நின்றுவிட்டான், ஒன்றுமில்லை" என்று கைதட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வதுதான் இன்னும் எல்லா இடத்திலும் நடக்கிறது.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்காக ஒரு விஷயம்: அடிபட்ட எல்லாப் பிள்ளைக்கும் ஸ்கேன் தேவையில்லை. சிடியில் கதிர்வீச்சு உண்டு, வளரும் பிள்ளைகளுக்கு அதைத் தேவையில்லாமல் கொடுக்கக் கூடாது. 42,000-க்கும் அதிகமான பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009-ல் வெளிவந்தது. நினைவு தப்பியதா, வாந்தி இருந்ததா, தலைவலி கடுமையா, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, நடத்தை மாறியிருக்கிறதா என்பது போன்ற சில கேள்விகளை வைத்தே யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று பிரித்துவிடலாம் என அது காட்டியது. மருத்துவர் ஸ்கேன் எழுதாமல் சில மணி நேரம் அங்கேயே வைத்துக் கவனிக்கிறேன் என்றால் அது அலட்சியம் இல்லை. அதுவும் ஒரு முறையான வழிதான்.

ஆனால் பயப்பட வேண்டிய அறிகுறிகள் உண்டு. மண்டை ஓட்டுக்குக் கீழே ஓடும் ஒரு தமனி கிழிந்து ரத்தம் சேர்ந்தால், ஆரம்பத்தில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர்கூடச் சில மணி நேரத்தில் மோசமாகிவிடலாம். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும்போது விழுந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உதவியை மறுத்துவிட்டார். இரண்டு நாளில் இறந்துபோனார். காரணம் இந்த வகை ரத்தக் கசிவுதான். அவர் பெரியவர், ஆனால் பிள்ளைகளுக்கும் இது நடக்கும். திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, வலிப்பு, எழுப்பினால் எழாத தூக்கம், குழறும் பேச்சு, ஒரு கை அல்லது கால் பலவீனம், இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவு, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிதல், காதுக்குப் பின்னாலோ கண்ணைச் சுற்றியோ திடீரென்று கருநீலம். இதில் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், ஸ்கேன் ஏற்கெனவே நார்மல் என்று வந்திருந்தாலும்தான். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நெற்றியில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்தால் பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும். ஆனால் தலையின் பக்கவாட்டிலோ பின்பக்கமோ தொட்டால் மெத்தென்று இருக்கும் வீக்கம்தான் மருத்துவரைக் கவலைப்பட வைக்கும்.

முதல் இரண்டு நாட்களைப் பற்றி நிறையத் தவறான அறிவுரைகள் உலவுகின்றன. தூங்கவே விடக்கூடாது என்பார்கள். மருத்துவர் பார்த்து, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் தூங்க விடலாம், தூக்கம் நல்லதும்கூட. முதல் இரவில் இடையில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

இன்னொரு பழைய அறிவுரை, இருட்டு அறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது. இது இப்போது மாறிவிட்டது. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், ஐந்து நாள் முழு ஓய்வு எடுத்த பிள்ளைகளும் இளைஞர்களும், ஒன்றிரண்டு நாள் மட்டும் ஓய்வெடுத்தவர்களைவிட அதிக அறிகுறிகளைச் சொன்னார்கள். இப்போது சொல்லப்படுவது, 24 முதல் 48 மணி நேரம் வீட்டில் அமைதியாக இருக்கட்டும், அதன்பின் மெல்ல நடமாடட்டும் என்பதுதான். அந்த 48 மணி நேரத்தில் குறைக்க வேண்டியது திரை. 12 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு நாள் திரையைத் தவிர்த்தவர்கள் பெரும்பாலும் மூன்றரை நாளில் தேறினார்கள். மற்றவர்களுக்கு எட்டு நாள் ஆனது. உங்கள் மகன் அந்த இரண்டு நாளைத் தாண்டிவிட்டான். இருந்தாலும் சாயந்திரத் தலைவலி நிற்கும் வரை வீடியோ கேமைக் குறைத்து வையுங்கள்.

சரி, எப்போது விளையாடலாம்? முதலில் பள்ளி, அப்புறம் மைதானம். முழு நாளும் வகுப்பில் உட்கார்ந்து, வழக்கம் போல வீட்டுப்பாடமும் செய்து, தலைவலி வராமல் இருந்தால்தான் பந்தைப் பற்றிப் பேசவே வேண்டும். அதுவரை தேவைப்பட்டால் அரை நாள் வகுப்பு, இடையில் ஓய்வு, தேர்வைத் தள்ளிவைப்பது எல்லாம் ஆசிரியரிடம் கேட்கலாம். வெளியே கட்டு எதுவும் தெரியாததால் பள்ளியில் இதை நம்ப வைப்பது கொஞ்சம் சிரமம். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

மைதானத்துக்குத் திரும்புவது படிப்படியாக நடக்கும். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டுக் கன்கஷன் நிபுணர்கள் வகுத்த வரிசை ஆறு படிகள் கொண்டது. அன்றாட நடமாட்டத்தில் தொடங்கி, வேக நடை அல்லது நிலையான சைக்கிள் போன்ற லேசான உடற்பயிற்சி, பிறகு தனியாகப் பந்துப் பயிற்சி, மோதல் இல்லாத குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். குழுப் பயிற்சிப் படிக்குப் போகும் முன் அறிகுறிகள் முழுவதும் போயிருக்க வேண்டும், முழுப் பயிற்சிக்கு முன் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். நடுவில் தலைவலி கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் பார்ப்பது. கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 2023-ல் தொழில்முறை அல்லாத விளையாட்டுகளுக்காக வந்த வழிகாட்டுதல் இன்னும் கறார்: தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சிக்குப் போகும் முன் 14 நாள் அறிகுறியே இல்லாமல் இருக்க வேண்டும், 21 நாளுக்கு முன் போட்டி கிடையாது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் பின்பற்றுவது இதைத்தான். கடுமையாகத் தோன்றும், ஆனால் "சார், இன்னைக்கு மட்டும்" என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், இரண்டாவது அடிக்காக. முதல் அடி ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் குணமாகும் காலம் நீள்கிறது. அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகிறது, அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறு வயதினர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் 13 வயது மாணவர் ஒருவர், அமெரிக்கக் கால்பந்து (ரக்பி போல மோதி ஆடுவது) ஆட்டத்தின் முதல் பாதியில் தலையில் அடிபட்டும் இரண்டாம் பாதியில் மீண்டும் இறங்கினார். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தார். மூளையில் அறுவை சிகிச்சை, கோமா, மீண்டும் பேசவும் நிற்கவும் ஆண்டுக்கணக்கில் போராட்டம். 2009-ல் அவர் பெயரிலேயே லிஸ்டெட் சட்டம் வந்தது: கன்கஷன் சந்தேகம் என்றாலே சிறுவரை வெளியேற்ற வேண்டும், மருத்துவ ஒப்புதல் எழுத்தில் இல்லாமல் திரும்ப இறக்கக் கூடாது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இந்த மாதிரிச் சட்டம் வந்துவிட்டது.

உங்களுக்கு இப்போது பெரிய சிக்கல் அறிவியல் இல்லை, உங்கள் மகன். போட்டி நெருங்க நெருங்க அவனுக்குத் தலைவலி "போய்விடும்". பிள்ளைகள் மறைப்பார்கள், நல்ல ஆட்டக்காரர்கள் நன்றாகவே மறைப்பார்கள். "தலை வலிக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். படிக்கும்போது எழுத்து மங்குகிறதா, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறானா, வழக்கத்தைவிட முன்னால் தூங்கிவிடுகிறானா என்று நீங்களே பாருங்கள். அவன் கிரிக்கெட் பார்ப்பவன் என்றால் ஒரு கதை சொல்லலாம். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அவர் அன்றே திரும்பி வந்து பேட் செய்தார், மறுநாள் அறிகுறிகள் தெரிந்ததும் விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக இறங்கிய லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். ஸ்மித் அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை. தொடரின் நடுவில் ஸ்மித்தையே உட்கார வைத்தார்கள் என்றால் பத்து வயதுக்காரனின் ஞாயிறு போட்டி காத்திருக்கும்.

ஹெட்கார்டு விஷயத்துக்கு வருகிறேன். வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. கால்பந்துக்கான மெத்தென்ற தலைப்பட்டைகள் வெட்டுக்காயத்தைக் குறைக்கலாம். ஆனால் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் கன்கஷனில் வித்தியாசம் தெரியவில்லை. வெளியே எத்தனை பஞ்சு வைத்தாலும் உள்ளே மூளை அசைவதை அது நிறுத்தாது. கூடவே, கவசம் இருக்கிறது என்ற தைரியத்தில் பையன்கள் முரட்டுத்தனமாக ஆடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். சைக்கிள் ஹெல்மெட் வேறு, அதைக் குறை சொல்லவே மாட்டேன். மண்டை உடைவது போன்ற பெரிய காயங்களை அது நன்றாகத் தடுக்கிறது. ஒரு முறை பலமாக அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரை நசுங்கிவிடும், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அவ்வளவுதான்.

போட்டிக்குத்தான் போகவில்லையே என்று இந்த இடைவெளியில் டிராம்போலினில் ஏற்றிவிடாதீர்கள். சைக்கிள், ஸ்கேட்டிங், பூங்காவில் ஏறி விளையாடும் கம்பிகள் எல்லாமே அதே கணக்கில்தான் வரும். டிராம்போலினைப் பொறுத்தவரை அடிபடாத பிள்ளைகளுக்கே நான் ஒருவர் பின் ஒருவராகத்தான் என்பேன். ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போதுதான் பெரும்பாலான காயங்கள் நடக்கின்றன, அதிலும் குழுவில் சின்னவருக்குத்தான் அடிபடும்.

உங்கள் கோச்சிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். அடிபட்ட அன்று அவனை மறுபடியும் இறக்கினார்களா? அவன் வயதுப் பிள்ளைகளைத் தலையால் பந்தை முட்ட வைக்கிறார்களா? அமெரிக்காவின் கால்பந்துக் (சாக்கர்) கூட்டமைப்பு 10 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்கள் தலையால் முட்டவே கூடாது என்று 2015-லேயே அறிவித்துவிட்டது. இங்கிலாந்தும் 11 வயது வரையிலான ஆட்டங்களிலிருந்து அதைப் படிப்படியாக எடுத்துவருகிறது. கழுத்துத் தசை வலுவில்லாத வயதில் அந்தத் திறமை கற்றே ஆக வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிந்ததே இல்லை.

பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் முழுவதும் தேறிவிடுகிறார்கள். அதைத் தாண்டியும் தலைவலியோ, தூக்கக் கோளாறோ, படிப்பில் கவனமின்மையோ இருந்தால், கன்கஷனைக் கையாளும் நிபுணரிடம் அனுப்பச் சொல்லி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் குழுவோடு இருக்க ஆசைப்பட்டால் அழைத்துப் போகலாம், கோட்டுக்கு வெளியே, நிழலில், பந்து வராத பக்கமாக. பாதியில் தலைவலி என்றால் இடைவேளை வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.