கல்ச்சர் ரிப்போர்ட்டில் எந்தத் தேதி இருக்கிறது?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிறுநீர்ப் பாதை வழியாகக் குழாய் விட்டு, லேசரில் கல்லை உடைத்தார்கள். அன்று இரவே குளிர் நடுக்கம், பிரஷர் இறங்கியது. ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று 8 நாள் ஐசியூ. பில் 4 லட்சத்துக்கு மேல். கேட்டால், "யாருக்கும் வரலாம், கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார்கள். வழக்குப் போடலாமா? - வாசகி, பெரம்பூர்

பதில்: அப்பா பிழைத்து வந்ததே பெரிய நிம்மதி அம்மா. வழக்குப் போடலாம். ஆனால் மருத்துவமனை சொல்வதில் பாதி உண்மை. இந்தச் சிகிச்சையில், எல்லாம் சரியாகச் செய்தாலும் சிலருக்குக் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். கிருமி வந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி ஆகாது.

குழாய் விடுவதற்கு முன் சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா? வழக்கே இந்தக் கேள்வியில்தான் நிற்கும். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு வர ஒன்றிரண்டு நாளாவது ஆகும். கிருமி இருந்தால் அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும். அவசர நிலை என்றால் வேறு கதை. அந்த ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுத்த நேரம், முடிவு வந்த நேரம் இரண்டும் அதில் இருக்கும். ஆபரேஷன் செவ்வாய், முடிவு வியாழன் என்றிருந்தால் முடிவைப் பார்க்காமலே செய்திருக்கிறார்கள். அங்கேதான் உங்கள் பலம். அப்புறம், நடுக்கம் எத்தனை மணிக்கு வந்தது, டாக்டர் எத்தனை மணிக்கு வந்தார் என்பதை நர்ஸ் குறிப்பில் தேடுங்கள்.

கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். ஆபத்து உண்டு என்று தெரிந்துகொண்டதற்குத்தான் அந்தக் கையெழுத்து. கவனக்குறைவாக இருக்கலாம் என்று யாரும் அனுமதி எழுதிக் கொடுப்பதில்லை.

முதல் வேலையாக, முழு கேஸ் ஷீட்டையும் எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. கைக்கு வந்ததும் வேறொரு சிறுநீரக அறுவை நிபுணரிடம் காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்கள். அவர் "முறைப்படிதான் செய்திருக்கிறார்கள்" என்றால் விட்டுவிடுங்கள். என்னிடம் வருபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

போலீஸ் புகார் இப்போது வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் தந்த தீர்ப்பின்படி, டாக்டர் மீது குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு 2 வருடம். கேஸ் ஷீட் கேட்டு எழுதும் கடிதத்தை நாளைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.