பறுவமும் கடல் முள்ளெலியும்: கேள்வி பதில்

உடம்பெல்லாம் முள்ளாக உருண்டையாய்க் கடலடியில் இருக்கும் உயிர்தான் கடல் முள்ளெலி. அதன் முட்டை எப்படி ஒரு முழு உடம்பாகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. மீதி நேரத்தில் நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்குப் போவேன். வந்த கேள்விகளுக்கு இயன்ற வரை பதில்.

உப்புவெளி மாணவி: அக்கா, வேறு உயிரே கிடைக்கவில்லையா?

முள்ளெலி எதையும் ஒளித்துச் செய்யாது தங்கச்சி. முட்டையும் விந்தும் கடல் நீரிலேயே சேரும். சேர்ந்து ஒரு நிமிடத்துக்குள் முட்டையைச் சுற்றி ஓர் உறை எழும்பும், இனி வேறு விந்து உள்ளே போக முடியாது. ஜெர்மன் உயிரியலாளர் ஒஸ்கார் ஹேர்ட்விக் 1876இல் முட்டையின் உட்கருவும் விந்தின் உட்கருவும் ஒன்றாவதைக் கண்டது முள்ளெலி முட்டையில்தான். 1891இல் இன்னொரு ஜெர்மன் உயிரியலாளர் ஹான்ஸ் டிரீஷ் இரண்டு கலமாக இருந்த முளையத்தைக் குலுக்கிப் பிரித்தார். பாதி உடம்புதான் வரும் என்று நினைத்தார். வந்ததோ அளவில் சிறிய, ஆனால் முழுமையான குடம்பிகள் (முட்டையிலிருந்து வரும் இளம் உயிர்கள்). வகுப்பில் இதைச் சொல்லும்போது இரட்டைப் பிள்ளைகள் இருந்தால் எல்லோரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. குடம்பிக்கு நம்மைப் போல இடம், வலம் உண்டு. வளர்ந்த முள்ளெலி ஐந்து பங்காகப் பிரிந்த வட்டம். அந்த வட்ட உடம்பு குடம்பியின் இடப்பக்கத்துக்குள் உருவாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

நிலாவெளி: மிதித்துவிட்டேன், என்ன செய்ய?

தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் எடுங்கள். ஊசியால் கிண்டாதீர்கள், முள் உள்ளே நொறுங்கும். மூட்டுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிண்ணியா: நீலத் திமிங்கிலம் பார்க்க எந்த மாதம் நல்லது?

என் துறை இல்லை. படகுக்காரரைக் கேளுங்கள்.

சம்பல்தீவு: புறாத்தீவில் இருக்கிற முள்ளெலிகளை எல்லாம் அள்ளி எறிந்தால் குளிக்க வசதிதானே?

அது தேசியப் பூங்கா, ஒரு சிப்பி கூட எடுக்கக் கூடாது. 1983இல் கரீபியன் கடலில் நோய் வந்து முள்ளெலிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பாசியை மேய ஆளில்லாமல் பவளப்பாறைகளைப் பாசி மூடியது. எறிவதைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

மூதூர்: முழுநிலாப் பறுவத்தில் பிடிக்கிற நண்டில் சதை இருக்காது என்று வாப்பா சொல்வார். மூடநம்பிக்கையா?

நண்டுக்கு வேறு காரணமும் உண்டு. புதிதாக ஓடு கழற்றிய நண்டு எந்த நாளில் பிடித்தாலும் உள்ளே தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் நிலவுக் கதையை அப்படியே தள்ளிவிட முடியாது. பறுவத்தில் முள்ளெலி நிறைந்திருக்கும் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். 1920களில் ஆங்கிலேய விலங்கியலாளர் மன்ரோ ஃபொக்ஸ் அதைச் சோதித்தார். மத்தியதரைக் கடல் முள்ளெலியில் அப்படி எதுவும் இல்லை. செங்கடல் கரையான சூயஸில் இருந்த நீள முள் கறுப்பு முள்ளெலியிலோ நிலவோடு முட்டை நிறைந்து, பறுவத்தை ஒட்டி வெளியேறியது. நம் கரையில் காலில் ஏறுவதும் அதே இனம்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை: மிஸ், நிலவு நம்பிக்கைக்கு நீங்களே விபூதி பூசலாமா?

பூசவில்லை சேர். ஒரு கரையில் பொய், இன்னொரு கரையில் மெய் என்று காட்டியது கணக்கு.

அதே ஆசிரியர்: அப்படியென்றால் இங்கேயும் மெய் என்கிறீர்களா?

இல்லை. ஒரே இனம் எல்லாக் கரையிலும் ஒரே தாளம் போடாது. சூயஸில் கோடையில் மட்டும் முட்டையிடுவது வெப்பக் கடலில் ஆண்டு முழுவதும் இடலாம்.

மூதூர்: அப்போ வாப்பா சொன்னது சரியா பிழையா அக்கா?

முள்ளெலி வரைக்கும், சூயஸில் சரி. நண்டுக்கு அவர் பிடித்த நாட்களையும் சதையின் எடையையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஓடு மெத்தென்று இருந்ததா என்பதையும் எழுதட்டும். ஆறு பறுவம் எழுதினால் சேரோடு நானே வாதாடுகிறேன்.

ஆசிரியர்: ஆறு போதாது, பன்னிரண்டு வேண்டும்.

சரி சேர், பன்னிரண்டு.

உப்புவெளி: முள்ளெலியை மிதித்துவிட்டேன்...

மேலே இருக்கிறது. அடுத்த முறை செருப்பு!