பிடித்த மீனை விடுவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டக் கடற்கரையிலுள்ள குறும்பனை. இப்போது கனடாவில், கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையிலுள்ள யெல்லோநைஃபில் வேலை. ஜூன் கடைசியில் கூட வேலை பார்ப்பவர்கள் என்னைப் படகில் ஃப்ளை ஃபிஷிங் கூட்டிப்போனார்கள். உயிர் இரை கிடையாது. முயல்தோலும் இறகும் கட்டிய கொக்கிதான். புல் மண்டிய ஆழமில்லாத ஓரங்களில் பைக் என்ற பல்லுள்ள வேட்டைமீன், பிறகு பாறை ஓரமாக லேக் டிரவுட் என்ற குளிர்நீர் மீன். கை நீளத்துக்கு ஒரு பைக் கிடைத்தது. படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்கள். அன்று பிடித்த எல்லா மீனையும் அப்படியே விட்டார்கள்.

அப்பா தூண்டில்காரர், குமரிக்குத் தெற்கே கடலுக்குள் இருக்கும் வாட்ஜ் பாங்க் என்ற மீன்பிடி மேடு வரை போய்க் கலவா மீன் பிடித்தவர். வீடியோ காலில் படத்தைக் காட்டினேன். "பிடிச்ச மீன விடுததுக்கு எதுக்கு மக்கா தூண்டில தூக்கிட்டுப் போன?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இங்குள்ளவர்கள் இதை இயற்கைமேல் உள்ள மரியாதை என்கிறார்கள். எனக்கோ பசி தெரியாதவர்களின் விளையாட்டோ என்று சந்தேகம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இன்னொன்று, அந்தத் தூண்டிலை ஊருக்குக் கொண்டுவந்தால் எங்கே வீசலாம்?

தங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அப்பா கேட்ட கேள்வியை அந்த ஏரிக்கரையில் காலங்காலமாக வாழும் டெனே மக்களும் கேட்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் பலருக்கு இந்தப் பிடித்து விடும் பழக்கம் அறவே பிடிக்காது. மீன் தன்னைத் தருகிறது, வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. வாயில் கொக்கி மாட்டி வேடிக்கை பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவது மீனை அவமதிப்பது என்பார்கள். ஆகவே இதை வெள்ளைக்காரர்களுக்கும் நமக்குமான வழக்காக ஆக்க வேண்டாம்.

அப்பா கேலிக்குக் கேட்டிருக்கமாட்டார். அவருக்குத் தெரிந்த கடலில் விட்டால் மீன் பிழைக்காது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், கிடக்கும் கலவாவை நாற்பது ஐம்பது பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்திலிருந்து இழுத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். மேலே வரவர நீரின் அழுத்தம் குறையும், உள்ளே காற்றுப்பை ஊதும். கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியாக வெளியே தள்ளி வந்து சேரும். அதைத் திரும்ப விட்டால் வயிறு மேலாக மிதந்து கிடந்து சாகும். கலவாவின் காற்றுப்பைக்கு வெளிவழி இல்லை. பைக்குக்கும் டிரவுட்டுக்கும் உண்டு. காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு ஒரு சிறு குழாய் போகிறது. ஆழத்திலிருந்து லேக் டிரவுட்டை ஏற்றும்போது மீனுக்கு முன்னால் குமிழிகள் வந்து மேலே உடையும். மீன் ஏப்பம் விட்டுக்கொண்டு வருகிறது. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். கடல்காரர், உடனே பிடித்துக்கொள்வார்.

மீன் பிழைக்கும் என்பது சரி, ஆனால் எதற்காக விடவேண்டும்? காரணத்தை மரியாதையில் தேடுவதைவிடத் தெர்மாமீட்டரில் தேடலாம். வருடத்தில் எட்டு மாதம்போல உறைந்து கிடக்கும் ஏரி அது. பரப்பில் நம் மாவட்டத்தைப்போல் பதினாறு மடங்கு. 614 மீட்டர் ஆழம், வட அமெரிக்காவிலேயே அதைவிட ஆழமான ஏரி இல்லை. அவ்வளவு தண்ணீரைப் பார்த்தால் அள்ள அள்ளக் குறையாது என்றுதான் தோன்றும். 1945-இல் அங்கே வணிகத்துக்காக வலை இறக்கியவர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கும். சில பத்தாண்டுகளிலேயே மேற்குப் பகுதியில் டிரவுட் அருகிப்போயிற்று. ஈஸ்ட் ஆர்ம் எனப்படும் ஆழமான கிழக்குப் பகுதியையாவது காப்பாற்றவேண்டும் என்று வணிகப் பிடிப்புக்கு மூடினார்கள். அந்தக் குளிரில் லேக் டிரவுட் முட்டையிடும் வயதுக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதன்பிறகும் ஆண்டுதோறும் முட்டையிடாது. ஐம்பது வயது தாண்டிய மீன்கள் உண்டு. வடக்கே கிரேட் பேர் ஏரியில் 1995-இல் தூண்டிலில் ஒரு டிரவுட் கிடைத்தது, 72 பவுண்டு, முப்பத்திரண்டு கிலோவுக்கு மேல். அப்படி ஒன்றைக் கொன்று தின்றால் அந்த இடத்துக்கு இன்னொன்று வர நம் ஆயுளில் பாதி போய்விடும்.

தேரூர் குளத்து விரால் ஒரே வருடத்தில் குழம்புக்கு ஆகும் அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரின் கணக்கு வேறு, இந்தத் தண்ணீரின் கணக்கு வேறு. நம் மாவட்டத்துக்குள்ளேயே பாருங்கள், கிழக்குக் கரையோடு சேர்ந்த சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், மேற்குக் கரையோடு சேர்ந்த குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இடையில் சாலைவழி ஒரு மணி நேரம்தான். கடல் வேறாகிவிட்டது, விதியும் மாறிவிட்டது.

இனி அந்தத் தூண்டிலைப் பற்றி. இரையில்லாத கொக்கி அப்பாவுக்குப் புதிதல்ல. மினுங்கும் நூல் கட்டிய கொக்கிகளை வரிசையாகக் கோத்து அயிலைக்கு இறக்குவது நம் கரையில் உள்ளதுதான். வீசுகிற விதம்தான் புதிது. மற்றத் தூண்டில்களில் ஈயத்தின் எடை தங்கூசி என்ற நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் கொக்கிக்கு எடையே கிடையாது, எடை முழுக்கக் கயிற்றில். தடித்த அந்தக் கயிற்றைத் தலைக்குமேல் பின்னால் வீசி, அது முழுக்க நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீசவேண்டும். பொறுக்காதவன் கயிறு காலடியில் குவிந்து விழும். பலசாலிகள் இதில் தோற்பதைப் பார்க்க எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு.

பைக்குக்குக் கட்டும் கொக்கி ஒரு சாண் நீளம் வரும், நனைந்தால் மீன்குஞ்சுபோல நெளியும். பைக்கின் பல் சாதாரண நரம்பை அறுத்துவிடும் என்பதால் முனையில் கம்பி வைப்பார்கள். பைக் துரத்தித் திரியும் மீனல்ல. புல்லுக்குள் அசையாமல் கிடந்து ஒரே பாய்ச்சலில் எடுக்கும், நம் விரால் போலவே. கயிற்றை வெட்டி வெட்டி இழுத்து நடுவில் நிறுத்தவேண்டும். பெரும்பாலும் அடி விழுவது அந்த நிறுத்தத்தில்தான். சில நேரம் படகுவரை பின்னாலேயே வந்து முறைத்துக்கொண்டு நிற்கும். அப்போது கொக்கியை வெளியே எடுத்துவிடாமல் தடியின் நுனியால் தண்ணீருக்குள் எட்டு வரையவேண்டும். கால்மாட்டில் பாய்ந்து கடிக்கும்.

லேக் டிரவுட் பனி உருகிய சில வாரங்கள் மேலே கிடைக்கும். மேல்தண்ணீர் வெதுவெதுப்பானதும் ஆழத்துக்குப் போய்விடும். ஜூன் கடைசியில் போனது உங்கள் யோகம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்கள் நண்பர்களோடு ஓரிடத்தில் முரண்படுகிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டதால் எதையும் கொல்லவில்லை என்று அவர்கள் நினைத்தால் அது உண்மையல்ல. விட்ட மீனிலும் சில சாகும். செவுளில் கொக்கி இறங்கியது, எதிர்முள்ளுள்ள கொக்கியைப் பிடுங்கும்போது கிழிந்தது, படத்துக்காக நெடுநேரம் தாடையில் தொங்கவிட்டது. ஐந்து நொடியில் ஒரு படம் போதாதா? நாள் முழுக்க முப்பது நாற்பது என்று எண்ணிப் பிடித்து எண்ணி விடுவதை இயற்கைமேல் உள்ள மரியாதை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த இடத்தில் நான் டெனே பெரியவர்கள் பக்கம்.

நான் அந்தப் படகில் இருந்தால் எதிர்முள்ளை நசுக்கிய கொக்கியைத்தான் வீசுவேன். பெரிய பைக் பெரும்பாலும் பெண், முட்டை நிறைய இடுவது, அதை விட்டுவிடுவேன். நடுத்தரமாக ஒன்றை எடுத்துக்கொண்டு, அதோடு தூண்டிலைச் சுருட்டுவேன். பைக்கில் கவட்டை முள் வரிசையாக உண்டு, அதைக் கழித்து எடுக்க யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். தேங்காய் அரைத்து மாங்காய் போட்டு வைத்தால் வெள்ளைச் சதை உடையாமல் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

விடவேண்டிய மீன் நம்மூரிலும் உண்டு. யாரும் விடுவதில்லை. குளத்தில் செக்கச்செவேலென்று பார்ப்புக் கூட்டம் பந்துபோல மேலே வரும், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவில் தவளையைப் போட்டால் விரால் பசியே இல்லாவிட்டாலும் கடிக்கும், குஞ்சைக் காப்பாற்ற. பைக் முட்டையைப் புல்லில் இட்டுவிட்டுப் போய்விடுகிறது. விரால் நிற்கிறது, நிற்பதாலேயே மாட்டுகிறது. காவல் போனதும் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்க்கும். வேகமாக வளரும் மீன்தான், ஆனால் அந்தச் சில வாரம் அதை எடுப்பது எனக்கு ஒப்பாது.

தூண்டிலைக் கொண்டுவாருங்கள். மணக்குடிக் காயலிலும் தேங்காய்ப்பட்டினத்தில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலும் கொடுவா உண்டு, பைக்குக்குக் கொண்டுபோன அதே கனத் தடி போதும். உப்புத் தண்ணீரில் வீசினால் அன்றே ரீலை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் அனுமதி இல்லாமல் வீசவேண்டாம். லீவை மட்டும் ஆனி ஆடியில் போடாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று அப்போது பலமாக அடிக்கும். எடையில்லாத கொக்கி காயலுக்குப் போகாது, பின்னால் நிற்கும் அப்பாவின் சட்டையில்தான் மாட்டும்.