பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு கீபோர்டு

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிப் பிரார்த்தனையில் ஒரு அக்கா கீபோர்டு வாசிப்பதைப் பார்த்ததிலிருந்து தனக்கும் வேண்டும் என்கிறாள். அடுத்த மாதம் வகுப்பில் சேர்க்கப் போகிறோம். 15,000 ரூபாய்க்கு மேல் எங்களால் முடியாது. இணையத்தில் மைக், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்கே 61 கட்டை கீபோர்டு கிடைக்கிறது. "எப்படியும் நான்கு மாதத்தில் விட்டுவிடுவாள், இதுவே போதும்" என்கிறார் என் கணவர். என் அண்ணன் மகன் எட்டு வருடம் முன்பு வாங்கிய கீபோர்டை 5,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறான். அடாப்டர் மட்டும் தொலைந்துவிட்டதாம். 88 கட்டை இல்லாவிட்டால் வாங்கியே பயனில்லை என்கிறார் எதிர்வீட்டுக்காரர். எதை வாங்குவது? இன்னொன்று: திருமணத்துக்கு முன் ஆறு வருடம் கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். இதை வைத்துக்கொண்டு நானும் திரும்பப் பாட ஆரம்பிக்க முடியுமா?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவரின் வாக்கியத்தை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பிள்ளை பாதியில் விட்டுவிடும் என்று பயந்து மட்டமானதை வாங்குகிறோம். மட்டமாக இருப்பதாலேயே பிள்ளை விட்டுவிடுகிறது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பையன் கற்க வந்தான். இடது கையில் மூன்று கட்டைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வலது கையில் மெட்டு வாசிக்கச் சொன்னால், வகுப்பில் என் கீபோர்டில் சரியாக வாசிப்பான். வீட்டில் வரவில்லை என்று அழுவான். ஒரு நாள் அவனுடைய கீபோர்டை எடுத்துவரச் சொன்னேன். நீங்கள் சொல்கிற அதே மைக் வைத்த ரகம். வலது கை நகர நகர, இடது கையில் பிடித்த சுரங்களில் ஒன்று சத்தமில்லாமல் கழன்று போய்க்கொண்டிருந்தது. அவனோ அந்தக் கட்டையை விடாமல் அமுக்கி அமுக்கி, "நான் தப்பாக வாசிக்கிறேனா சார்?" என்று கேட்டான். தவறு அவன் விரலில் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்கலாம் என்று ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. பாலிஃபோனி என்பார்கள். நல்ல நிறுவனங்களின் தொடக்க நிலைக் கீபோர்டுகளில் இது 32 அல்லது 48 இருக்கும். இந்தப் பொம்மைகளின் அட்டைப்பெட்டியில் அந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காது. 300 டோன், 200 ரிதம் என்பது மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

கணவரிடம் இதையும் சொல்லுங்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் கீபோர்டை மகள் நான்கு மாதத்தில் விட்டுவிட்டாலும், போட்ட பணத்தில் கணிசமான பகுதிக்கு அதை விற்றுவிடலாம். 4,000 ரூபாய்க்கு வாங்கியதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது.

இனி எதைப் பார்த்து வாங்குவது. ஒன்றே ஒன்றைத்தான் நான் வற்புறுத்துவேன்: டச் ரெஸ்பான்ஸ். மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஒலி, ஓங்கித் தொட்டால் உரத்த ஒலி. இது இல்லாத கீபோர்டில் தாலாட்டும் ஒரே சத்தம், குத்துப்பாட்டும் ஒரே சத்தம். அதில் இரண்டு வருடம் பழகிய விரல்களைப் பிறகு திருத்துவதற்குள் ஆசிரியருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சிறிய ரப்பர் குமிழ் இருக்கிறது. அதற்குள் கார்பன் பூசிய இரண்டு தொடுமுனைகள். கட்டை இறங்கும்போது ஒன்று முதலில் படும், மற்றது ஒரு கணம் கழித்துப் படும். அந்த இடைவெளி குறுகியதா நீண்டதா என்று பார்த்துத்தான் கருவி ஒலியின் அளவை முடிவுசெய்கிறது. ஆக அது அளப்பது விரலின் பலத்தை அல்ல, வேகத்தை. ஒன்பது வயதுக் குழந்தையின் பிஞ்சு விரலுக்கும் அது போதும்.

ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். கேசியோவில் சி.டி-எஸ்200, சி.டி-எஸ்300 என்று இரண்டு மாடல்கள் உண்டு. இரண்டும் 61 கட்டை. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். 300-இல் டச் ரெஸ்பான்ஸ் உண்டு, 200-இல் இல்லை. கடையில் குழம்பினால் இடது ஓரத்தைப் பாருங்கள். சுருதியை வளைக்கும் சக்கரம் ஒன்று இருந்தால் அது 300. சிவப்பு நிறத்தில் அழகாக வைத்திருந்தால் அது 200. மகள் அதைத்தான் கேட்பாள், அசைந்து கொடுக்காதீர்கள். யமஹாவிலும் இதே கதை: பி.எஸ்.ஆர்-இ273 மாடலில் டச் கிடையாது, இ373 மாடலில் உண்டு. ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். விலை குறைந்த பி.எஸ்.ஆர்-எஃப்52, சி.டி-எஸ்100 இரண்டிலும் டச் இல்லை. உங்கள் தொகைக்கு நான் முதலில் விலை கேட்கச் சொல்வது சி.டி-எஸ்300. கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் யமஹாவின் இ வரிசையில் 3-இல் தொடங்கும் மாடல்களையும் வாசித்துப் பாருங்கள். ஒலி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும். அது என் காதின் பழக்கமாகவும் இருக்கலாம்.

கட்டை முழு அளவில் இருக்க வேண்டும். 32, 44 கட்டைகள் கொண்ட சிறிய கீபோர்டுகளில் கட்டைகள் ஒடுக்கமானவை. அதில் பழகிவிட்டு வகுப்பில் பெரிய கட்டையைத் தொட்டால் விரல் தடுமாறும். இதற்கு மகளின் பள்ளி ஸ்கேலையே எடுத்துப் போகலாம். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகளின் அகலம் ஏறத்தாழ 16.5 செ.மீ. இருக்க வேண்டும். 15 செ.மீ. ஸ்கேலை வைத்தால் ஏழாவது கட்டை அதைத் தாண்டிப் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேலுக்குள்ளேயே ஏழும் அடங்கிவிட்டால் வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரர் சொல்வதில் கால்வாசி உண்மை உண்டு. மேற்கத்திய பியானோவை முறையாகக் கற்று, பியானோவுக்கான தேர்வுகள் எழுதப் போவதாக இருந்தால், ஒரு கட்டத்தில் 88 கட்டையும் நிஜப் பியானோவின் சுத்தியல் பொறிபோன்ற கனமும் உள்ள டிஜிட்டல் பியானோ தேவைப்படும். அதன் விலை உங்கள் தொகையைப் போல மும்மடங்குப் பக்கம் போய்விடும். தொடக்கப் பாடங்களுக்கு ஐந்து ஸ்தாயி, அதாவது 61 கட்டை, தாராளம். ஆசிரியரிடம் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: அவர் சொல்லித்தரப் போவது கீபோர்டா, பியானோவா? தேர்வுக்கு அனுப்புவாரா? அப்படியானால் கருவி எப்படி இருக்க வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

அண்ணன் மகனின் கீபோர்டை நான் உடனே ஒதுக்கிவிட மாட்டேன். மாடல் எண் அடியில் ஒட்டியிருக்கும். டச் ரெஸ்பான்ஸ் உண்டா என்று முதலில் பாருங்கள். உண்டு என்றால், பியானோ டோனில் வைத்து இடது கோடியிலிருந்து 61 கட்டைகளையும் ஒன்றுவிடாமல், தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டுக்கொண்டே போங்கள். எல்லாம் மெல்ல ஒலிக்கையில் ஒன்று மட்டும் 'டங்' என்று கத்தினாலோ, ஊமையாக இருந்தாலோ, அந்த ரப்பர் குமிழில் தூசியோ ஈரமோ சேர்ந்திருக்கிறது என்று பொருள். கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒன்றிரண்டு என்றால் அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். பத்துப் பன்னிரண்டு கட்டைகள் அப்படி இருந்தால் விட்டுவிடுங்கள். எட்டு வருடம் பரணில் கிடந்ததென்றால் தலைகீழாகக் கவிழ்த்து ஒருமுறை தட்டியும் பாருங்கள். கரப்பான் பூச்சிக்குக் கீபோர்டின் வயிறு சொந்த வீடு.

அடாப்டர் விஷயத்தில் மிகவும் எச்சரிக்கை தேவை. செருகும் முனை பொருந்துகிறது என்பதற்காக வீட்டில் கிடக்கும் எதையாவது செருகிவிடாதீர்கள். நான் செய்திருக்கிறேன். கச்சேரிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, மோடத்தின் அடாப்டர் கச்சிதமாகப் பொருந்தியதே என்று செருகினேன். ஒரு சின்ன 'டிக்', பிறகு எரிந்த வாசம். அன்று மாலை முழுவதும் கைத்தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீபோர்டின் பின்புறம் துளைக்கு அருகே எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் ஒரு புள்ளியையும் அதைச் சுற்றி அரைவட்டத்தையும் வரைந்து, கூட்டல் கழித்தல் குறிகள் போட்டிருப்பார்கள். நடுமுனை கூட்டலா கழித்தலா என்பது அந்தப் படத்தில் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் பழைய மாடலுக்கும் புதியதற்கும்கூட மாறும். வோல்ட்டும் அந்தப் படமும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் மட்டும் குறிப்பிட்டதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

கட்டையில் விளக்கெரிந்து வழிகாட்டும் மாடல்களை வாங்கச் சொல்லி விற்பனையாளர் வற்புறுத்துவார். எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை விளக்கைத் துரத்தக் கற்றுக்கொள்கிறது, பாட்டைக் கற்றுக்கொள்வதில்லை. ஸ்டாண்டு இப்போதைக்கு வேண்டாம். படிக்கிற மேஜைமேல் வைத்து, முழங்கையும் கட்டையும் ஒரே மட்டத்தில் வருமாறு நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டால் போதும். ஆர்மோனியப் பழக்கத்தில் தரையில் வைத்து வாசிக்க விடாதீர்கள், மணிக்கட்டு மடங்கும். ஒரு விரலை வைத்தால் மொத்த இசைக்குழுவும் பின்னால் முழங்குகிற வசதி எல்லாவற்றிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு அனுமதி கொடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கடிதத்தின் கடைசியில் ஒதுக்கி வைத்திருந்தாலும் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. தாராளமாக முடியும். ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்தக் 'கட்டை' கீபோர்டிலேயே கண்ணெதிரே இருக்கிறது. மேற்கத்தியர் 'சி' என்னும் வெள்ளைக் கட்டைதான் ஒன்று. அங்கிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் எண்ணினால் 'ஜி' ஐந்தாவது. அதற்கு அடுத்த கறுப்புக் கட்டைதான் உங்கள் ஐந்தரை. மூன்றாவது வெள்ளைக்கு அடுத்துக் கறுப்பே கிடையாது. யாரும் மூன்றரைக் கட்டை என்று சொல்லாதது அதனால்தான்.

எல்லாக் கட்டைகளின் சுருதியையும் ஒருசேர ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் என்ற அமைப்பில் எண்ணை –4 என்று வைத்துவிட்டு 'சி'யைத் தொடுங்கள். ஐந்தரைக் கட்டை ஷட்ஜம் ஒலிக்கும். இனி அந்த 'சி'யை ஸ என்று கொண்டு மாயாமாளவகௌளை ராகத்தை வாசிக்கலாம்: வெள்ளை, பக்கத்துக் கறுப்பு, அடுத்த வெள்ளையைத் தாண்டி அதற்கு அடுத்த இரண்டு வெள்ளைகள், பஞ்சமத்துக்கு இன்னொரு வெள்ளை, அதன் பக்கத்துக் கறுப்பு, மறுபடி ஒரு வெள்ளையைத் தாண்டி நிஷாதம், மேல் ஷட்ஜம். சரளி வரிசை விரல்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். மகள் உட்காருவதற்கு முன் மறக்காமல் எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் வகுப்பில் கேட்ட ஒலி ஒன்று, வீட்டில் கேட்கும் ஒலி ஒன்று என்று குழம்பிவிடுவாள்.

தோடி ராகத்துக்கு வந்தால் ஏமாற்றம் காத்திருக்கிறது. கட்டை நின்ற இடத்தில் நிற்கும். காந்தாரத்தின் அசைவு அதில் இல்லை. அதற்குத்தான் இடது ஓரத்துச் சக்கரம். கே. சத்தியநாராயணன் கர்நாடகக் கச்சேரியைக் கீபோர்டிலேயே வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டதில்லை என்றால் கேளுங்கள். அந்த இடத்துக்குப் போக நாள் பிடிக்கும். அதுவரை கீபோர்டு சுருதியையும் சுரத்தின் இருப்பிடத்தையும் பிடித்துக்கொடுக்கட்டும், சுரத்தை அசைக்கும் கமகத்தை உங்கள் குரல் பார்த்துக்கொள்ளும்.

கடையில் பில் போடுவதற்கு முன் பெட்டியைத் திறந்து அடாப்டர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சில பெட்டிகளில் இருக்காது, தனியாக வாங்கச் சொல்வார்கள். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.