கோடு போடும் முன்பே கேட்க வேண்டிய கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் மதுரை, மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து வாசகர்களின் கேள்விகள். எல்லாமே ஒரு விஷயத்தைச் சுற்றியவை: அரசு ஒரு கொள்கையையோ பெருந்திட்டத்தையோ தீட்டும்போதே அதன் சூழல் விளைவை அளப்பது எப்படி? அலுவலகங்களில் இதை எஸ்.இ.ஏ. என்கிறார்கள். இங்கே கொள்கைநிலைச் சூழல் மதிப்பீடு என்று எழுதுகிறோம்.

கேள்வி (மேலூர் வாசகர்): டங்ஸ்டன் சுரங்கப் பிரச்சினையின்போது, ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எப்படியும் நடக்கத்தானே போகிறது, அதற்குள் ஏன் பதற்றம்?’ என்று சிலர் கேட்டார்கள். சட்டப்படி ஒரு மதிப்பீடு இருக்கும்போது, அதற்கும் முன்னால் இன்னொன்று எதற்கு?

பதில்: சட்டம் சொல்லும் மதிப்பீடு வந்து சேருகிற நேரம்தான் சிக்கல். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட அறிவிக்கையின்படி, தாக்க மதிப்பீடு ஒரு தனித்திட்டத்துக்கு நடப்பது. இடம், அளவு, செய்யப்போகிறவர் எல்லாம் ஏறக்குறைய முடிவான பிறகே வகைப்படுத்துதல், ஆய்வு எல்லை வகுத்தல், மக்கள் கருத்துக் கேட்பு, நிபுணர் குழுப் பரிசீலனை என்ற நான்கு படிகளும் தொடங்கும். அந்தக் கட்டத்தில் தூசியை எப்படி அடக்குவது, கழிவுப் பாறையை எங்கே கொட்டுவது, எத்தனை மரம் நடுவது என்றுதான் பேச்சு ஓடும். இந்த மலையடிவாரத்தில் சுரங்கம் வேண்டுமா என்ற கேள்விக்கு அதற்குள் பதில் எழுதியாகிவிடும்.

டங்ஸ்டன் எடுக்க ஒன்றிய அரசு ஏலம் விட்ட, மேலூர் வட்டார நாயக்கர்பட்டி கனிமப் பகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமும் வந்தது. 2022 நவம்பரில் தமிழக அரசு அறிவித்த, மாநிலத்தின் முதல் மரபுத் தலம் அது. சுமார் 193 ஹெக்டேர். சுமார் 250 பறவை இனங்கள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுக்கைகள் என்று அந்த அறிவிப்பின்போதே எல்லாம் பதிவாகியிருந்தன. ஆகவே தகவல் இல்லாமல் நடந்த காரியம் அல்ல. அந்தத் தகவலை ஏலத்துக்கு முன்பே ஊரார் முன் வைத்து, மாற்று இடங்களோடு ஒப்பிட்டு, முடிவுக்குக் காரணம் எழுத வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் படி எங்கும் இல்லை. 2024 நவம்பர் 7-ல் ஏல முடிவு வந்தது. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இடைப்பட்ட வாரங்களில் மேலூர் வட்டார மக்கள் வேலையை விட்டுவிட்டுத் தெருவில் நின்றார்கள். ஏலத்துக்கு முன்னால் நடக்க வேண்டிய விவாதத்தை ஏலத்துக்குப் பிறகு மக்கள் தங்கள் உடலுழைப்பால் நடத்த வேண்டியிருந்தது. இது நியாயமே அல்ல.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடத் திட்டத்துக்கு முன்கூட்டிய சூழல் அனுமதி தேவையில்லை. ஒரே சாலையில் தலா 19,000 சதுர மீட்டரில் ஐந்து குடியிருப்புகள் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 95,000 சதுர மீட்டர். அனுமதிக்குப் போக வேண்டியது ஒன்றுகூட இல்லை. அந்த ஐந்தின் கழிவுநீரும் போய்ச் சேரும் கண்மாய் ஒன்றுதான். இந்தக் கூட்டுச் சுமையைத் தனித்தனி மதிப்பீட்டில் பிடிக்க முடியாது. அந்தச் சாலையோரத்தைக் குடியிருப்புப் பகுதி என்று வரைபடத்தில் நிறம் தீட்டும் நாளில்தான் பிடிக்க முடியும்.

கேள்வி (பசுமலை வாசகர்): இந்தக் கொள்கைநிலை மதிப்பீடு இந்தியாவில் கட்டாயமா?

பதில்: இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் இதற்கு நெறிமுறை இயற்றி, உறுப்பு நாடுகள் 2004 ஜூலைக்குள் சட்டமாக்க வேண்டும் என்றது. இதே மதிப்பீட்டுக்காக 2003-ல் கீவ் நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை 2010-ல் நடைமுறைக்கு வந்தது. சீனாவில் 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டமும் பெருந்திட்டங்களுக்கு மதிப்பீடு கேட்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை, இருக்கிற வாசல்களைப் பயன்படுத்த வேண்டும். அதில் பெரிய வாசல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971. முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியானால், ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும் என்கிறது அது.

கேள்வி (ஒத்தக்கடைப் பக்கத்து ஊராட்சியின் முன்னாள் வார்டு உறுப்பினர்): அப்படி ஒரு வரைவு எங்கள் ஊரையும் சேர்த்து வெளியானால், ஆலோசகர் வைக்கக் காசில்லாத நாங்கள் அதை எப்படிப் படிப்பது? எதை எழுதிக் கொடுப்பது?

பதில்: முந்நூறு பக்கத்தையும் படிக்க உட்காராதீர்கள். திட்டத்தில் முடிவுகள் எவை என்று மட்டும் முதலில் பிரித்தெடுங்கள். ‘பசுமை மேம்படுத்தப்படும்’ என்பது முடிவு அல்ல. ‘இந்தச் சர்வே எண்கள் விவசாயத்திலிருந்து குடியிருப்புக்கு மாறும்’, ‘சுற்றுச்சாலை இந்த வழியே போகும்’ என்பவைதான் முடிவுகள். ஓர் ஊராட்சிக்கு இப்படி ஐந்தாறுதான் தேறும்.

அடுத்து, இன்றைய நிலை. கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவுப் படம்), அ-பதிவேடு (ஊரின் நிலங்களை வகையோடு பட்டியலிடும் வருவாய்ப் பதிவேடு) மூன்றையும் திட்ட வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருப்பது திட்ட வரைபடத்தில் கோடாகக்கூட இல்லாமல் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பெரிய பரப்பைச் சுருக்கி வரையும்போது மூன்று மீட்டர் வாய்க்கால் மறைந்துவிடும். பிறகு அதன்மேல் மனை போடுவார்கள். கண்மாயை மட்டும் காப்பாற்றி வரத்துக் கால்வாயை விட்டால் கண்மாய் நிறையாது. நிலத்தடி நீருக்கு உங்கள் பிர்காவின் (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வகைப்பாட்டைப் பாருங்கள்: ஆண்டுக்கு எடுக்கத்தக்க நீரில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பானது, 90 வரை ஓரளவு அபாயம், 100 வரை அபாயம், அதற்கு மேல் அதிநுகர்வு. இத்தோடு, இந்தத் திட்டமே வராவிட்டால் இருபது ஆண்டில் ஊர் எப்படி இருக்கும் என்பதையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, நல்லதெல்லாம் திட்டத்தால் வந்தது என்று காட்டிவிடலாம்.

மூன்றாவது படிதான் உயிர்நாடி: மாற்று வழிகள். செய்யாமல் விடுவது, வேறு இடத்தில் செய்வது, சிறிதாகச் செய்வது என்று குறைந்தது மூன்றை வைத்துப் பார்க்க வேண்டும். தோற்பதற்கென்றே உருவாக்கிய மாற்றுகளைக் கவனியுங்கள். ஒன்று மலைமேல், ஒன்று ஆற்றுக்குள், மூன்றாவது அவர்கள் ஏற்கெனவே நினைத்த இடம் என்றிருந்தால் அது ஒப்பீடே அல்ல.

பிறகு ஓர் அட்டவணை. இடப்பக்கம் திட்ட முடிவுகள்; மேலே தண்ணீர், வெள்ளம், சாகுபடி நிலம், மேய்ச்சல், வேலை, போக்குவரத்து. வெறும் கூட்டல், கழித்தல் குறிகளால் நிரப்பிய அட்டவணையை அறிக்கைகளில் நிறையப் பார்க்கலாம், அதனால் பயனில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அளவோ, ஓர் இடத்தின் பெயரோ இருக்க வேண்டும். கணக்கு கடினமும் அல்ல. 100 ஹெக்டேர் விளைநிலம் மனையாகிறது என்று கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தப் பரப்பில் விழுவது 50,000 கன மீட்டர். விளைநிலத்தில் 30 சதவீதம் ஓடும் என்று எடுத்தால் 15,000. கட்டடமும் தார்ச்சாலையும் வந்து 70 சதவீதம் ஓடினால் 35,000. ஒரே மழையில் கூடுதலாக 20,000 கன மீட்டர், அதாவது இரண்டு கோடி லிட்டர். அது எந்த ஓடை வழியாக எந்தக் கலுங்குக்கு (கண்மாயின் உபரி நீர் வழியும் இடம்) போகிறது, அந்தக் கலுங்கு தாங்குமா என்று கேட்டு எழுதுங்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

குடிநீருக்கும் அப்படியே. புதிதாக ஒரு லட்சம் பேர் குடியேற இடம் ஒதுக்கினால், நகரங்களுக்கான ஆள்வீதம் 135 லிட்டர் கணக்கில் தினம் 1.35 கோடி லிட்டர் வேண்டும். அதில் 80 சதவீதம், அதாவது 1.08 கோடி லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். எங்கிருந்து வரும், எங்கே சுத்திகரிக்கப்படும் என்ற இரண்டுக்கும் வரைவில் பக்க எண்ணோடு விடை இருக்க வேண்டும்.

கடைசியாக, அட்டவணையின் ஒவ்வொரு பத்தியையும் மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முடிவும் தனியாகத் தாங்கக்கூடியதாகத் தெரியும். எல்லா முடிவுகளின் விளைவும் சேர்ந்து ஒரே ஓடையில் இறங்கும்போதுதான் உண்மை தெரியும்.

ஆட்சேபணையில் சர்வே எண், வரைவின் பக்க எண், உங்கள் கணக்கு, நீங்கள் கேட்கும் மாற்றம் நான்கும் இருக்கட்டும். ‘எங்கள் ஊர் அழிகிறது’ என்ற மனுவை ஒரே வரியில் ஒதுக்கலாம்; எண்ணோடு வந்த மனுவுக்கு எண்ணோடுதான் பதில் சொல்ல முடியும். சேர்ந்ததற்கான ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள், கிராம சபையில் தீர்மானமாகவும் ஏற்றுங்கள். என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கேள்வி (தல்லாகுளம், ஓய்வுபெற்ற பொறியாளர்): இது இன்னொரு தாமதம்தானே? ஏற்கெனவே கோப்புகள் நகர்வதில்லை.

பதில்: திட்டத்தை முடித்துவிட்டுக் கடைசியில் மதிப்பீட்டை ஒட்டினால், தாமதம்தான், பயனும் கிடையாது. திட்டக் குழுவோடு ஒன்றாக உட்கார்ந்து செய்தால் தனியாக நேரம் அதிகம் பிடிப்பதில்லை, பின்னால் வரும் வழக்குகளும் குறையும். உண்மையான மதிப்பீட்டை அடையாளம் காண ஒரு சோதனை உண்டு: இதனால் திட்டத்தில் ஓர் இடமாவது மாறியதா? ஐரோப்பிய நெறிமுறை இதையே கட்டாயமாகக் கேட்கிறது. மதிப்பீட்டால் என்ன மாறியது, மற்ற மாற்றுகளை விட்டு இதை ஏன் எடுத்தோம் என்று ஓர் அறிக்கை வெளியிட வேண்டும், பிறகு விளைவுகளைக் கண்காணிக்கவும் வேண்டும். ஒன்றுமே மாறவில்லை என்றால், வரைவு குறையே இல்லாமல் பிறந்திருக்க வேண்டும், அல்லது மதிப்பீடு பெயருக்கு நடந்திருக்க வேண்டும்.

கேள்வி (கல்லூரி மாணவி, மதுரை): நிதி ஆயோக்கின் 2023-24 நீடித்த வளர்ச்சிக் குறியீட்டில் தமிழ்நாடு 78 மதிப்பெண். அப்படியானால் நம் கொள்கைகள் நீடித்தவை என்று சொல்லலாமா?

பதில்: மாநிலங்களை ஒப்பிட அந்த எண் உதவும், அதற்கு மேல் அதன் தலையில் சுமத்தக் கூடாது. 113 குறியீடுகளைத் தனித்தனியே 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்றிச் சராசரி எடுக்கிறார்கள். சராசரியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கல்வி 90, சுகாதாரம் 90, தண்ணீர் 20 என்று ஓர் ஊர் இருந்தால், கூட்டிப் பெற்ற சராசரி 66.7, பரவாயில்லை என்று தோன்றும். பெருக்கிக் கனமூலம் எடுத்தால் 54.5. பள்ளிக்கூடத்து மதிப்பெண் தண்ணீர்ப் பஞ்சத்தை ஈடுகட்ட முடியாது என்பதை இரண்டாவது முறை கொஞ்சமாவது காட்டுகிறது. மனித வளர்ச்சிக் குறியீட்டை 2010-ல் பெருக்கல் சராசரிக்கு மாற்றியதற்கும் இந்த ஈடுகட்டல் சிக்கலே காரணம். எங்கள் கருத்தில், தண்ணீர், மண் போன்றவற்றைச் சராசரிக்குள் போடவே கூடாது. அவற்றுக்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும். அதைத் தாண்டினால் மற்றது எவ்வளவு நன்றாக இருந்தாலும் திட்டத்தைத் திருத்த வேண்டும்.

எந்தக் குறியீட்டைப் பார்த்தாலும், அது செய்த வேலையைச் சொல்கிறதா, வந்த விளைவைச் சொல்கிறதா என்று கேளுங்கள். நட்ட கன்று எத்தனை என்பது வேலை. மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்பது எத்தனை என்பது விளைவு. தூர்வாரிய கிலோமீட்டர் வேலை. கடைமடைக்குத் தண்ணீர் வந்த நாட்கள் விளைவு. வேலையை எண்ணுவது எளிது என்பதால் அறிக்கைகள் அதிலேயே நின்றுவிடுகின்றன.

கேள்வி (வாடிப்பட்டி விவசாயி): எங்கள் கண்மாய்க்கும் பாசனத்துக்கும் நாங்களே அளந்து வைக்கலாம் என்றிருக்கிறோம். எதையெல்லாம் அளப்பது?

பதில்: ஐந்து போதும். இருபது வைத்தால் இரண்டாம் ஆண்டிலேயே நின்றுபோகும். கண்மாயில் மடை மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்ற நாட்கள். கலுங்கு பாய்ந்த தேதிகள். வரத்துக் கால்வாயின் அகலம், எப்போதும் அதே மூன்று இடங்களில், புலப்பட அளவோடு ஒப்பிட்டு. நான்கு கிணறுகளில் நீர்மட்டம். அதே கிணறுகளில் உப்புத்தன்மை.

கிணற்றை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் மே மாதத்திலும், காலையில் மோட்டார் போடும் முன் அளக்க வேண்டும். மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் மட்டம் பொய் சொல்லும். நான்கு கிணறும் கண்மாய்க் கரையை ஒட்டியே இருந்தால் நிலத்தடி நீர் எப்போதும் உயர்ந்தபடியே தெரியும். குறைந்தது இரண்டு கிணறுகள் தள்ளி, ஆயக்கட்டின் (கண்மாய் பாயும் நிலப்பரப்பு) கடைசியில் இருக்கட்டும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது. வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு.

உங்கள் அளவை மேலூருக்கும் பொருத்தாதீர்கள். பெரியாறு பாசனத்தில் நீங்கள் பேரணை – கள்ளந்திரி இருபோகப் பகுதி, 45,041 ஏக்கர். மேலூர்ப் பகுதி ஒருபோகம், 85,563 ஏக்கர், கால்வாயின் கடைசி. மேலே ஒரு தொழிற்பேட்டைக்குத் தண்ணீர் ஒதுக்கினால் முதலில் காய்வது அங்கேதான். இரண்டு பகுதியின் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்த ஒதுக்கீட்டின் விலை தெரியும்.

ஒவ்வொரு அளவுக்கும் நேரே, எந்த எண்ணைத் தாண்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். உதாரணமாக, மே மாத நீர்மட்டம் தொடர்ந்து மூன்று ஆண்டு இறங்கினால், புதிய ஆழ்துளைக் கிணறு வேண்டாம் என்று கிராம சபை தீர்மானம் போடும் என்பது போல. மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் முதல் ஆண்டுப் பதிவேட்டை வாசித்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். பிறகு எந்தத் திட்ட வரைவு வந்தாலும் அது அரசுப் பதிவிலிருக்கும் ஆவணம். ஆட்சேபணையோடு நகல் இணைக்கலாம்.