யார் மகன் என்று கேட்காத ஊரில்

தம்பி, அம்பாசமுத்திரத்திலிருந்து சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்கு வந்து இரண்டு மாதமே ஆன நீங்கள், வாடகை, குளிர் உடுப்பு, அரிசி கிடைக்கும் கடை என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசி வரியில், ‘கூட வேலை பார்ப்பவர்கள் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள், என்னைப் பிடிக்கவில்லையோ?’ என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவற்றை அங்கிருக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். 2006 சனவரியில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து இறங்கிய நான், அந்தக் கடைசிக் கேள்வியோடுதான் பல இரவுகள் தூங்காமல் கிடந்தேன்.

வந்த புதிதில் உடன் வேலை பார்த்த ஒருவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை அவர் அதற்குரிய காசை எண்ணி என் மேசையில் வைத்தார். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்பும் அம்மா வளர்த்த பிள்ளைக்கு, அது முகத்தில் அடித்தது போலிருந்தது. கொடுக்கல் வாங்கல் தீராமல் இருப்பதுதான் நமக்கு உறவு. அவருக்கோ, கடன்படாத இருவர்தான் மனம் விரும்பிப் பழக முடியும். இது விளங்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின, அதற்குள் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகவே சொல்கிறேன். கூட்டத்தில் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டால் வாய் திறந்து பேசுங்கள். பெரியவர்கள் முன் அடங்கியிருப்பதே மரியாதை என்று நான் ஓராண்டு பேசாதிருந்தேன். எனக்குச் சொந்தக் கருத்தே கிடையாது என்று அலுவலகத்தில் என்னைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஹேசல் மார்கஸ் என்ற அமெரிக்கரும் ஷினோபு கிதயாமா என்ற ஜப்பானியரும் 1991இல் எழுதிய உளவியல் கட்டுரையைப் பின்னாளில் படித்தபோதுதான், தன்னைத் தனித்து நிற்கும் ஆளாக உணர்பவருக்கும் உறவுகளுக்குள் ஒருவராக உணர்பவருக்கும் சிந்தனையும் உணர்ச்சியும்கூட வேறுபடலாம் என்று அறிந்து, என் மீதிருந்த கோபமும் அவர்கள் மீதிருந்த கோபமும் ஒருசேரத் தணிந்தன.

இந்தச் சுவீடன்காரர்களும் என்றைக்கும் இப்படியே இருந்தவர்கள் அல்லர். 1960கள் வரை பதவிப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் விளித்தார்கள். 1967இல் அரசு மருத்துவ வாரியத்துக்குத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர் எல்லோரையும் ‘நீ’ என்றே அழைக்கப்போவதாகச் சொன்னார். சில ஆண்டுகளில் அதுவே நாட்டு வழக்காயிற்று. ஆகவே, வாரந்தோறும் கூடி ‘இவங்களுக்குப் பாசமே கிடையாது’ என்று பேசும் நம்மவர்களோடு அதிகம் உட்காராதீர்கள். அவர்களில் பலருக்கு எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூடத் தெரியாது. ஊரை இழித்துப் பேசுவதே முன்னேற்றம் என்றிருப்பவர்களை இன்னும் தள்ளி வையுங்கள்.

போன ஆண்டு ஊருக்குப் போனபோது, தாமிரபரணிப் படித்துறையில் ஒரு பெரியவர் ‘யாருய்யா?’ என்று கேட்டார். இங்குள்ள பழக்கத்தில் என் பெயரைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, பதில் இன்னும் வரவில்லை என்பதுபோல என் முகத்தையே பார்த்து நின்றார். அப்பாவின் பெயரையும் தெருவையும் சொன்னேன். அப்பா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘அப்படிச் சொல்லுய்யா’ என்று அவர் நகர்ந்து, தம் பக்கத்துப் படியில் எனக்கு இடம் விட்டார்.