கோனனுக்குச் செவ்வாயில் என்ன வேலை?

கேள்வி: செவ்வாய்க் கிரக வாள்வீரர்கள் பற்றிப் போன இதழில் நான்கு பக்கம் எழுதிவிட்டு, கோனன் பெயரையே விட்டுவிட்டீர்களே! காட்டுமிராண்டி நாயகன் என்றாலே அவன்தானே? நானும் செவ்வாயில் நடக்கும் கதை ஒன்று எழுதி வருகிறேன். நாயகன் ஆறரை அடி உயரம், கையில் இருபது கிலோ வாள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: மறந்துபோய் விடவில்லை, தெரிந்துதான் விட்டோம். 1932 டிசம்பர் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் ராபர்ட் இ. ஹோவர்ட் அறிமுகப்படுத்திய கோனன், நம் பூமியின் கற்பனைப் பழங்காலத்து ஆள். ஒரு கதையில் வேற்றுக் கிரகத்து யானைத்தலை ஜீவன் ஒன்று அவனைச் சந்திக்கிறது. வந்தது அதுதான், இவன் எங்கும் போகவில்லை. ஹோவர்டின் கிரகக் கதைதான் வேண்டுமென்றால் 'அல்மூரிக்' இருக்கிறது. அவர் இறந்து மூன்றாண்டு கழித்து, 1939 மே முதல் ஆகஸ்ட் வரை அதே பத்திரிகையில் தொடராக வந்தது. அதன் நாயகன் ஈசாவ் கெய்ர்ன் ஓர் அமெரிக்கன். உடம்பில் இருக்கும் பலத்துக்கு நாகரிக ஊரில் பிழைக்க முடியாமல் தவிப்பவன்.

ஜான் கார்ட்டரையும் காட்டுமிராண்டிப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். 1912-இல் எழுத்தாளர் எட்கர் ரைஸ் பரோஸ் தன் கதையில் செவ்வாய்க்கு அனுப்பிய நாயகன் அவர்; வர்ஜீனியாவின் பெரிய மனிதர், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புக் கேப்டன். அங்கே காட்டுமிராண்டிகள் தார்க்குகள்: பதினைந்து அடி உயரம், பச்சை உடம்பு, நாலு கை. அவர்களிடம் இருநூறு மைல் தூரம் குறி வைக்கும் ரேடியம் துப்பாக்கியும் உண்டு. பிறகு வாள் எதற்கு? பரோஸுக்கே அந்தக் கேள்வி வந்திருக்கிறது. எதிரி எந்த ஆயுதத்தோடு வருகிறானோ அதைவிட மேலான ஆயுதத்தை எடுக்கக் கூடாது என்று ஒரு வழக்கத்தை அந்தக் கிரகத்துக்கே விதித்துவிட்டார். உங்கள் கதையில் விண்கலம் வருகிறதா? அப்படியானால் வாளுக்கு நீங்களும் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டாம் அத்தியாயத்திலேயே வாசகர் கேட்டுவிடுவார்.

இந்த வகையில் நிஜமான காட்டுமிராண்டி நாயகன் யார் என்றால், எழுத்தாளர் லீ பிராக்கெட்டின் எரிக் ஜான் ஸ்டார்க். 1949 கோடைக்கால 'பிளானட் ஸ்டோரீஸ்' இதழில் முதலில் வந்தான். புதன் கிரகத்துச் சுரங்கக் குடியிருப்பில் பிறந்து, பெற்றோரை இழந்து, அந்த மண்ணின் ஆதிக்குடிகளிடம் வளர்ந்தவன். அவர்கள் வைத்த பெயர் ந்'சாகா. அந்தக் குலத்தை அழித்து, சிறுவனைக் கூண்டில் போட்டவர்கள் 'நாகரிகம்' தெரிந்த சுரங்கக்காரர்கள். பேரரசு, படை, புரட்சி என்று யார் வந்து பேசினாலும் அவன் சந்தேகத்தோடு பார்ப்பது அதனால்தான். அவனுடைய காட்டுமிராண்டித்தனம் பிறந்தது அந்தக் கூண்டில். உங்களுடையவனுக்கு உயரத்தைத் தவிர வேறென்ன வைத்திருக்கிறீர்கள்?

ஒரு வேடிக்கை. புதன் எப்போதும் ஒரே முகத்தைச் சூரியனுக்குக் காட்டுகிறது, நடுவே அந்தி வெளிச்சப் பட்டை ஒன்று இருக்கிறது என்று அப்போது நம்பினார்கள். ஸ்டார்க் வளர்ந்தது அங்கேதான். 1965-இல் போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ ஆய்வகத்து ரேடார், புதன் 59 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுகிறது என்று காட்டியதும் அவன் சொந்த ஊரே காணாமல் போயிற்று. அதே ஆண்டு ஜூலையில் மரைனர்-4 விண்கலம் அனுப்பிய படங்களில் செவ்வாயும் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. 1974-இல் ஸ்டார்க்கை மறுபடி எழுதியபோது, சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஸ்கெய்த் என்ற கிரகத்துக்குக் கொண்டுபோய்விட்டார் பிராக்கெட்.

இனி அந்த இருபது கிலோ வாள். பூமியில் சண்டைக்கு எடுத்த நீள்வாள்களே பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிலோவுக்குள்தான். "செவ்வாயில் ஈர்ப்பு 38 சதவீதம்தானே?" என்பீர்கள். தூக்கிப் பிடிக்க ஏழரை கிலோ போலத்தான் இருக்கும், வாஸ்தவம். வீசும்போதும் நிறுத்தும்போதும் அது முழு இருபது கிலோவாகவே இருக்கும், ஏனென்றால் குறைந்தது எடை, நிறை குறையவில்லை. ஆளின் எடையும் கூடவே குறைந்துவிட்டதால் காலுக்குப் பிடிப்பும் போச்சு. ஓங்கி ஒரு வீச்சு வீசினால் எதிரி நிற்பான், உங்கள் நாயகன் பம்பரமாய்ச் சுற்றுவான். பாய்ச்சலுக்கும் கணக்கு உண்டு: இங்கே அரை மீட்டர் எழும்புகிறவன் அங்கே ஒன்றேகால் மீட்டர் எழும்பலாம். கார்ட்டர் முப்பது அடி தாவியது பரோஸின் தாராளம். அதுவும் பூமியில் வளர்ந்த உடம்புக்குத்தான். புதனின் ஈர்ப்பும் செவ்வாயின் ஈர்ப்பும் ஏறக்குறைய ஒன்று என்று இன்று தெரிகிறது. ஆக, புதனில் வளர்ந்த ஸ்டார்க்குக்குச் செவ்வாயில் அந்தச் சலுகையே கிடையாது. நல்லவேளை, மோப்பத்தையும் செவியையும் நம்பித்தான் அவன் சண்டை போடுகிறான்.

உங்கள் நாயகன் செவ்வாயிலேயே பிறந்தவன் என்றால் அவனுக்கும் அதே கதிதான். வாளை ஒன்றரை கிலோவுக்கு இறக்கிவிட்டு முதல் அத்தியாயத்தை அனுப்புங்கள். ஆறரை அடி அப்படியே இருக்கட்டும்.